காணிப் பட்டியலும் குறுக்குப் பக்கமும்

வலிகாமம் வடக்கிலிருந்து 1990 இல் எழும்பி, ஊர் ஊராக அலைந்து, இப்போது அரியாலைப் பக்கத்தில் குடியிருக்கும் சில கமக்காரக் குடும்பங்களுக்காகச் சில காலத்துக்கு முன் ஒரு காணிப் பட்டியல் தயாரித்தோம். பெரியவர்கள் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழுதினார்கள். கனடாவிலும் இலண்டனிலும் இருக்கும் உறவினர்கள் தம்மிடமிருந்த உறுதிப் பிரதிகளைப் பார்த்துத் தாமும் நிரப்பினார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் எழுதக் கூடியதாகக் கூகுள் டொக்ஸ் என்னும் இணையவழி எழுத்துச் செயலியில் அதனை வைத்திருந்தோம். மூன்று வாரம் நடந்த வேலை அது.

அச்செடுத்துக் கொண்டு போய் ஓர் அலுவலகத்தில் கொடுத்தோம். அலுவலர் நான்கைந்து பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஃபாதர், உறுதி இலக்கம் எங்கே? இந்தக் காணி இப்ப ஆரின்ர கையில இருக்கு?" என்று கேட்டார். இரண்டுக்கும் பட்டியலில் நிரல் இருந்தது. ஆனால் அது கணினியில் இருந்தது, தாளில் இல்லை. அட்டவணையின் வலது ஓரம் தாளுக்கு வெளியே போய் வெட்டுப்பட்டிருந்தது. அச்செடுத்தவன் நானே. ஒரு பக்கத்தைத் தானும் உற்றுப் பாராமல் கட்டியெடுத்துக் கொண்டு போன குற்றமும் என்னுடையதே. பட்டியல் திருப்பித் தரப்பட்டது. இரண்டு பஸ் ஏறி வந்திருந்த ஓர் அம்மா ஒன்றும் பேசாமல் வெளியே போய் நின்றார்.

அன்று தேவைப்பட்டது ஒரு சிறிய காரியம்தான். பக்கத்தை நெடுக்காக வைக்காமல் குறுக்காகத் திருப்பியிருக்க வேண்டும். எமது குடும்பங்களில் பலர் இன்று இத்தகைய பட்டியல்களைத் தாமே தயாரிப்பதால் அந்தச் சிறிய காரியத்தைச் சற்று விரிவாகவே எழுதுகின்றேன்.

பட்டியல் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒன்றை நினைவூட்டலாம். 2025 மார்ச் 28 ஆம் திகதி வெளியான ஒரு வர்த்தமானி அறிவித்தல், வடமாகாணத்தில் 5,940 ஏக்கர் வரையான காணிகளுக்கு உரிமை கோருவோர் மூன்று மாதங்களுக்குள் முன்வர வேண்டும் என்றும், தவறினால் அவை அரச காணியாகும் என்றும் சொன்னது. யாழ்ப்பாண மாவட்டத்தில் மாத்திரம் 3,669 ஏக்கர். பலத்த எதிர்ப்பு எழுந்தது. அதனை மீளப்பெறுவதாக அரசு சொன்னது. உயர் நீதிமன்றமும் 2025 யூனில் இடைக்காலத் தடை விதித்தது. அந்த ஆபத்து அப்படி நீங்கியது உண்மை. ஆனால் அந்த மூன்று மாதத்தில் எத்தனை வீடுகளில் டிரங்குப் பெட்டிகள் கவிழ்க்கப்பட்டன, எத்தனை பேர் "உறுதி ஓடேக்க துலைஞ்சு போச்சு" என்று தலையில் கை வைத்தார்கள் என்பதை நாம் கண்டோம். அவசரம் வந்த பின் எழுதத் தொடங்கும் பட்டியல் பிழையாகத்தான் வரும்.

காணிப் பட்டியல் என்பது இயல்பிலேயே அகலமானது. தொடர் இலக்கம், உரிமையாளர் பெயர், அடையாள அட்டை இலக்கம், தற்போதைய முகவரி, கிராம அலுவலர் பிரிவு, காணியின் பெயர், பரப்பளவு, உறுதி இலக்கமும் திகதியும், நொத்தாரிசின் பெயர், காணியில் இருந்த வீடு கிணறு பனை தென்னை, வெளியேறிய ஆண்டு, இப்போது யார் வசம் என்று எண்ணினால் பன்னிரண்டு நிரல் ஆகிவிடும். இனிக் கணக்கைப் பாருங்கள். நாம் பாவிக்கும் ஏ4 தாள் 21 சென்ரிமீற்றர் அகலம், 29.7 சென்ரிமீற்றர் உயரம். கூகுள் டொக்ஸ் தானாக விடும் ஓரம் ஒவ்வொரு பக்கமும் ஓர் அங்குலம், அதாவது 2.54 சென்ரிமீற்றர். நெடுக்காக வைத்தால் எழுத மிஞ்சும் அகலம் ஏறத்தாழ 16 சென்ரிமீற்றர். பன்னிரண்டால் பிரித்தால் ஒரு நிரலுக்கு 1.3 சென்ரிமீற்றர். எமது பெயர்களோ நீளமானவை. அந்த இடுக்கில் ஒரு பெயர் நாலு துண்டாக உடைந்து ஏணிப்படி போல இறங்கும். அதே தாளைக் குறுக்காகத் திருப்பினால் அகலம் 24.6 சென்ரிமீற்றர்; நிரலுக்கு 2 சென்ரிமீற்றருக்கு மேல் வரும். ஓரத்தை ஒன்றரைச் சென்ரிமீற்றராகக் குறைத்தால் இன்னும் கொஞ்சம் கிடைக்கும்.

இது புதிய புத்தியுமல்ல. 1995 ஒக்ரோபர் 30 இல் வலிகாமம் முழுவதும் பெயர்ந்து அரியாலை, செம்மணி வழியாகத் தென்மராட்சிக்குப் போய்ப் பாடசாலைகளில் தங்கிய நாட்களில், நிவாரணப் பட்டியல் எழுதிய பெரியவர்கள் சீ.ஆர். கொப்பியை இரண்டு பக்கமும் விரித்து வைத்து இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை கோடு போட்டு எழுதினார்கள். அவர்கள் கையால் செய்ததைத்தான் கணினியில் 'லான்ட்ஸ்கேப்' என்கிறார்கள். நெடுக்குப் பக்கத்துக்குப் பெயர் 'போர்ட்ரெயிற்'.

கணினியில் செய்வது இலகு. மேலே 'ஃபைல்' என்பதை அழுத்துங்கள். இறங்கி வரும் வரிசையின் கீழ்ப்பகுதியில் 'பேஜ் செற்றப்' இருக்கும். அதைத் திறந்தால் 'ஓரியன்ரேஷன்' என்பதன் கீழ் போர்ட்ரெயிற், லான்ட்ஸ்கேப் என்ற இரண்டும் தெரியும். லான்ட்ஸ்கேப்பைத் தெரிந்து 'ஓக்கே' கொடுங்கள். அங்கேயே தாளின் அளவு ஏ4 தானா என்றும் பாருங்கள். வெளிநாட்டிலிருக்கும் பிள்ளை தொடக்கிய ஆவணமாயின் அது 'லெற்றர்' என்ற வேறு அளவில் இருக்கக் கூடும். வட அமெரிக்காவில் வழங்கும் அளவு அது, எமது தாளோடு பொருந்தாது.

சிலருக்கு ஓரியன்ரேஷன் என்ற சொல்லே கண்ணில் படாது. பதற்றப்பட வேண்டாம். 2022 முதல் கூகுள் டொக்ஸில் 'பேஜ்லெஸ்' என்றொரு வடிவம் உண்டு. பக்கமே இல்லாத, முடிவில்லாமல் நீளும் தாள் அது. பக்கம் இல்லாதபோது அதற்கு நெடுக்கு எது, குறுக்கு எது? அதே பேஜ் செற்றப் பெட்டியில் 'பேஜஸ்' என்பதற்கு மாறினால் தெரிவுகள் வந்துவிடும். திரையில் வாசிப்பதற்கு பேஜ்லெஸ் வசதிதான். ஆனால் அலுவலகத்துக்குப் போக வேண்டிய பட்டியலை அதில் எழுதுவதை நான் விரும்புவதில்லை. தாளின் ஓரம் எங்கே முடிகிறது என்பதை அது மறைத்துவிடும்.

அடுத்தது சற்று நுணுக்கமானது. பட்டியலோடு எப்போதும் ஒரு கோரிக்கைக் கடிதம் போகும். கடிதம் நெடுக்காக இருப்பதே முறை. பட்டியல் மாத்திரம் குறுக்காக வேண்டும். 2020 வரை கூகுள் டொக்ஸில் ஓர் ஆவணம் முழுவதும் ஒரே பக்கமாகவே திரும்பும். இரண்டையும் இரண்டு ஆவணமாகச் செய்து பிறகு சேர்க்க வேண்டியிருந்தது. இப்போது அந்தத் தொல்லை இல்லை. கடிதம் முடியும் இடத்தில் சுட்டியை வைத்து, 'இன்சேர்ட்' என்பதில் 'பிறேக்' என்பதைத் திறந்து, 'செக்ஷன் பிறேக்' இரண்டில் அடுத்த பக்கத்தில் தொடங்கும் 'நெக்ஸ்ற் பேஜ்' வகையைப் போடுங்கள். வயலில் வரம்பு கட்டுவது போலத்தான். வரம்புக்கு இந்தப் பக்கம் ஒரு பயிர், அந்தப் பக்கம் வேறொன்று. பிறகு பட்டியல் உள்ள பகுதிக்குள் சுட்டியை வைத்துக் கொண்டு மீண்டும் பேஜ் செற்றப்புக்குப் போங்கள். 'அப்ளை ரு' என்ற இடத்தில் 'திஸ் செக்ஷன்' என்று தெரிந்து, லான்ட்ஸ்கேப் கொடுங்கள். அந்த இடத்தைக் கவனியாமல் விட்டால் கடிதமும் சேர்ந்து படுத்துவிடும். பட்டியலுக்குப் பின் சத்தியக்கடதாசி போன்ற ஒன்று வருமானால் அங்கும் ஒரு வரம்பு கட்டி, மீண்டும் நெடுக்காக நிமிர்த்த வேண்டும்.

பக்கம் திரும்பியதும் அட்டவணை தானாக அகலாது. பழைய அகலத்திலேயே இடது பக்கம் ஒதுங்கி நிற்கும். அதன் வலது ஓரக் கோட்டைப் பிடித்து இழுத்து விரிக்க வேண்டும். விரிக்கும்போது எல்லா நிரலுக்கும் ஒரே அகலம் கொடுக்காதீர்கள். தொடர் இலக்கத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் போதும். காணியின் பெயருக்கும் முகவரிக்கும் தாராளமாகக் கொடுங்கள். தலைப்பு வரிசையில் வலது சொடுக்குப் போட்டு, அந்த வரிசை வரை 'பின்' செய்யும் தெரிவை அழுத்தினால் ஒவ்வொரு பக்கத்தின் மேலும் தலைப்பு திரும்ப வரும். ஏழாம் பக்கத்தைப் பார்க்கும் அலுவலர் எந்த நிரல் எது என்று முதலாம் பக்கத்துக்கு ஓட வேண்டியிராது.

பரப்பளவு நிரலின் தலைப்பில் எமது கணக்கை விளக்கி எழுதுவது நல்லது. நாம் பரப்பு என்போம். அலுவலகம் பேர்ச்சசிலும் ஏக்கரிலும் கேட்கும். 10 பேர்ச்சஸ் ஒரு பரப்பு, 16 பரப்பு ஒரு ஏக்கர். நான்கு எல்லைகளையும் இதே அட்டவணைக்குள் திணிக்க வேண்டாம் என்பது என் கருத்து. குறுக்குப் பக்கமும் ஓரளவுக்குத்தான் தாங்கும். எல்லைகளை அதே தொடர் இலக்கத்தோடு இரண்டாவது அட்டவணையாகப் போடுங்கள்.

கணினி இல்லாதவர்கள் கைத்தொலைபேசியிலும் பக்கத்தைத் திருப்பலாம். டொக்ஸ் செயலியில் ஆவணத்தைத் திறந்து, மேல் மூலையில் உள்ள மூன்று புள்ளிகளை அழுத்தினால் பேஜ் செற்றப் அங்கேயும் உண்டு. 'பிறின்ற் லேஅவுட்' என்பதையும் அதிலேயே போட்டுவிடுங்கள். தாளின் உருவம் அப்போதுதான் தெரியும். கடிதம் நெடுக்கு, பட்டியல் குறுக்கு என்ற கலப்பு வேலையைக் கணினியில் செய்வதே உத்தமம்.

பழைய பட்டியல்கள் பலவும் பாமினி எழுத்துருவில் இருக்கின்றன. அவற்றை இணையத்தில் ஏற்றினால் தமிழ் ஒன்றும் தெரியாது. ஆங்கில எழுத்துகள் தாறுமாறாகக் கிடக்கும். அழிந்து போயிற்று என்று எறிந்துவிட வேண்டாம். பாமினியை யூனிகோட்டுக்கு மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே உண்டு. மாற்றிய பின் இலக்கங்களையும் பெயர்களையும் ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.

பட்டியலில் அடையாள அட்டை இலக்கமும் காணி விபரமும் இருப்பதால், இணைப்பை வைத்திருக்கும் எவரும் திருத்தலாம் என்று ஆவணத்தைத் திறந்து விடாதீர்கள். நிரப்ப வேண்டியவர்களின் மின்னஞ்சலுக்கு மாத்திரம் அனுமதி கொடுங்கள். இணையத்தில் இருந்தாலும் தாளிலும் ஒரு படி வேண்டும். எருசலேம் முற்றுகையிடப்பட்டிருந்த நாளில், தானும் காவலில் இருந்தபடியே அனத்தோத்தில் நிலம் வாங்கிய இறைவாக்கினர் எரேமியா, முத்திரையிட்ட படியையும் திறந்த படியையும் சேர்த்தே மண்பாண்டத்தில் வைக்கச் சொன்னார்.

அச்செடுக்கக் கடைக்குப் போகும்போது ஆவணத்தை அப்படியே அனுப்பாதீர்கள். கடைக்காரரின் கணினியில் வேறு எழுத்துரு இருந்தால் நிரல்கள் எல்லாம் இடம் மாறிவிடும். ஃபைலில் 'டவுன்லோட்' என்பதை அழுத்திப் பிடிஎவ் ஆக எடுத்து அனுப்பினால் நீங்கள் கண்டதே தாளில் வரும். கோவையில் கட்டும்போது குறுக்குப் பக்கத்தின் தலைப்பு ஓரம் கோவையின் முதுகுப் பக்கம், அதாவது இடப்பக்கம், வர வேண்டும். துளை அந்த ஓரத்தில்தான் விழும். ஆகவே குறுக்குப் பக்கங்களின் மேல் ஓரத்துக்கு மூன்று சென்ரிமீற்றர் விடுங்கள். இல்லையேல் தலைப்பு வரிசையிலேயே ஓட்டை விழும்.

முதலில் ஒரு பக்கத்தை மாத்திரம் அச்செடுத்து, கடைசி நிரல் முழுவதாக இருக்கிறதா என்று பாருங்கள். அதன் பிறகு மற்றவற்றை எடுக்கலாம். எல்லாம் கைக்கு வந்ததும் ஒருவர் உறுதியை அல்லது பழைய கொப்பியைப் பார்த்து வாசிக்க, மற்றவர் அச்சான தாளில் பென்சிலால் புள்ளடி போட்டுக் கொண்டு வரட்டும். எமது பட்டியலை இரண்டாம் முறை அப்படித்தான் செய்தோம். அந்த அம்மாதான் வாசித்தார். தன் காணியின் பெயர் வந்த இடத்தில் ஓர் எழுத்துப் பிழை இருப்பதை அவரே பிடித்தார்.