சுடுகாட்டு மல்லி: கஷாயத்திலிருந்து கீமோ வரை

ஆடு வாய் வைக்காது. தண்ணீர் ஊற்றாவிட்டாலும் சாகாது. கல்லறை ஓரங்களில் தானாக முளைத்து வருஷம் முழுக்கப் பூக்கும் நித்தியகல்யாணியைச் சுடுகாட்டு மல்லி என்றும் சொல்வார்கள். சொந்த ஊர் மடகாஸ்கர். வெப்ப நாடுகளில் அது பரவிய பல இடங்களில் சர்க்கரை நோய்க்கு அதன் இலையைக் காய்ச்சிக் குடித்தார்கள். அன்று அதற்கு இருந்த பேரெல்லாம் சர்க்கரைக்குத்தான்; புற்றுநோய்க்கு அல்ல.

1952இல் ஜமைக்காவிலிருந்து டொரான்டோவில் இருந்த டாக்டர் கிளார்க் நோபிளுக்கு ஓர் உறை வந்தது. உள்ளே இந்தச் செடியின் 25 இலைகள். ஜமைக்காவின் சர்க்கரை நோயாளிகள் இன்சுலின் கிடைக்காதபோது இதைத்தான் டீ போட்டுக் குடிக்கிறார்கள் என்று தகவல். (இன்சுலினைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான பாண்டிங்கிடம் 1921இல் அந்த ஆய்வுக்கு முதலில் யார் போவது என்று காசு சுண்டியதில் தோற்றவர் இந்த நோபிள்தான் என்பார்கள்.) அவர் இலைகளை, மேற்கு ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் ஆய்வாளராக இருந்த தம்பி ராபர்ட்டிடம் கொடுத்துவிட்டார்.

சாற்றை எலிகளுக்கு வாய்வழி புகட்டினார்கள். சர்க்கரை அசையவில்லை. ஊசியில் ஏற்றியபோது எலிகள் சில நாளில் நோய்த்தொற்று கண்டு செத்தன. ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் சரிந்திருந்தன, எலும்பு மஜ்ஜை வற்றியிருந்தது. மருந்து தோற்றது என்று அங்கேயே ஏறக்கட்டியிருக்கலாம். ராபர்ட் நோபிள் விடவில்லை. வெள்ளை அணுக்கள் தறிகெட்டுப் பெருகுவதுதானே ரத்தப் புற்றுநோய்! அவரோடு சேர்ந்த வேதியியலாளர் சார்லஸ் பீர் இலையிலிருந்து வின்பிளாஸ்டின் என்ற பொருளைப் பிரித்தெடுக்க, 1958இல் செய்தி வெளியானது. அதே செடியைத் தனியாக ஆராய்ந்துகொண்டிருந்த 'எலி லில்லி' மருந்து நிறுவனத்தார் வின்கிரிஸ்டின் என்ற இன்னொரு பொருளைக் கண்டார்கள். 1963இல் அமெரிக்கா அதற்கு அனுமதி தந்தது.

உயிரணு இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இருபக்கமும் இழுக்க நுண்ணிய இழைகள் உருவாகும். இந்த இரு மருந்துகளும் அந்த இழைகளை உருவாகவிடாமல் தடுக்கும். உயிரணு பாதியில் நின்று சாகும். நரம்புக்கும் அதே இழைகள் வேண்டும் என்பதால்தான் வின்கிரிஸ்டின் போட்டுக்கொள்பவர்களுக்கு விரல் மரத்துப்போகிறது, சட்டைப் பொத்தான் போடத் தடுமாறுகிறார்கள். 1960களின் தொடக்கத்தில் ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தை பிழைப்பது அபூர்வம். இன்று வசதியான நாடுகளில், குழந்தைகளிடம் அதிகம் காணும் லிம்போபிளாஸ்டிக் வகையில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் தேறுகிறார்கள். பல மருந்துகளின் கூட்டுவேலை அது. அதில் வின்கிரிஸ்டினுக்கு நிரந்தர இடம்.

ராமநாதபுரம், தூத்துக்குடிப் பக்கம் இன்று நித்தியகல்யாணி மானாவாரிப் பயிர். இலையை உருவிக் காயவைத்து மூட்டை கட்டுகிறார்கள். கடைசியில் செடியைப் பிடுங்கி வேரையும் விற்கிறார்கள். ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்குக் காய்ந்த இலை சுமார் 500 கிலோ வேண்டும். 2019இல் அமெரிக்காவில் ஒரு நிறுவனம் வின்கிரிஸ்டின் தயாரிப்பை நிறுத்த, பெரிய ஆஸ்பத்திரிகளே திண்டாடின. 2022இல் விஞ்ஞானி ஜே கீஸ்லிங் குழுவினர் ஈஸ்டுக்குள் தாவர மரபணுக்களைப் புகுத்தி, வின்பிளாஸ்டினுக்கான இரண்டு மூலப்பொருள்களையும் அதிலேயே விளைவித்துக் காட்டினார்கள். அது வயலுக்கு மாற்றாக வளர்ந்தால் நம் கரிசல் விவசாயி என்ன செய்வார் என்பதையும் யோசிக்க வேண்டும்.

நாட்டு வைத்தியம் இந்தச் செடியைக் கைகாட்டியது உண்மை. ஆனால் மருந்தைக் கண்டுபிடித்தது எலியும் ஆய்வகமும். வின்கிரிஸ்டின் ஒரு வேளைக்கு வழக்கமாக 2 மில்லிகிராமைத் தாண்டாது. அதையும் சிரை ரத்தக்குழாயில்தான் ஏற்ற வேண்டும். தவறி முதுகுத்தண்டில் போட்டால் உயிர் போய்விடும். இப்படிப்பட்ட சரக்கு உள்ள செடியைப் பற்றி, "காலையில் ஐந்து இலை மென்றால் கேன்சர் ஓடிப்போகும்" என்று வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்களை என்ன சொல்வது? வீட்டில் யாருக்காவது கீமோ நடந்தால், அதைப் பாதியில் நிறுத்தாதீர்கள். கூடவே கஷாயம் ஏதாவது குடிக்கிறார்கள் என்றால் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.