ஸ்கேன் அறிக்கையில் நெறி: அஞ்ச வேண்டுமா?

வயிற்றுவலி என்று வ. புதுப்பட்டியிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கோ இராஜபாளையத்திற்கோ குழந்தையை அழைத்துச் சென்று ஸ்கேன் எடுக்கும் பெற்றோர், அறிக்கையில் ‘நிணநீர்க் கணுக்கள் உள்ளன’ என்ற வரியைக் கண்டால் கலங்குவது இயல்பே. புற்றோ, காசமோ என்றஞ்சிக் கடன்பட்டு அலையுமுன் உண்மையை அறிதல் நலம்.

காலில் முள் தைத்துப் புண்ணானால் தொடையிடுக்கில் நெறி கட்டுவதை நாம் அறிவோம். நெறி என்பது வீங்கிய நிணநீர்க் கணுவே. இத்தகைய கணுக்கள் குடலைத் தாங்கும் சவ்விலும் இயற்கையாகவே 100-க்கு மேல் அமைந்துள்ளன. வாய்க்காலில் சருகைத் தடுக்கும் வலைபோன்று, நோய்க்கிருமிகளைத் தடுப்பதே இவற்றின் தொழில்.

ஸ்கேன் கருவி ஒலியலையைச் செலுத்தி, அதன் எதிரொலியால் உள்ளுறுப்பைக் காட்டுகின்றது. கருவிகள் நுட்பமடைந்துவிட்டமையால், நோயற்றோரிடத்தும், சிறப்பாகக் குழந்தைகளிடத்தும், சிறு கணுக்கள் புலப்படுகின்றன. அவை நீள்வட்டமாய், குறுக்களவு குழந்தைகளுக்கு 8 மில்லிமீட்டருக்கும், பெரியோர்க்கு 5 மில்லிமீட்டருக்கும் மேற்படாதிருப்பின் பெரும்பாலும் இயல்பானவையே.

எனினும் அசட்டை கூடாது. இரண்டு வாரத்திற்கு மேற்பட்ட காய்ச்சல், உடல் மெலிவு, இரவு வியர்வை இருப்பினும், கணுக்கள் பருத்து ஒன்றோடொன்று ஒட்டியிருப்பினும் மேற்பரிசோதனை அவசியம். கடும் வயிற்றுவலிக்கு அன்றே மருத்துவரை நாடவேண்டும். காசநோயே எனினும் அரசு மருத்துவமனைகளில் மருந்து இலவசம். நுரையீரல் காசமுற்றோரும் வீட்டிலிருந்தே மருந்துண்டு குணமடையலாம் என்பதைச் சென்னைக் காசநோய் ஆய்வு மையம் 1959-ஆம் ஆண்டிலேயே நிறுவியது.

ஸ்கேன் தாள் மட்டும் நோயை முடிவு செய்யாது; நோயாளியையும் அறிக்கையையும் ஒருங்கே காணும் மருத்துவரே முடிவு சொல்ல வல்லவர். பஞ்சாயத்து உறுப்பினர்கள் இதனைத் தத்தம் வார்டு மக்களுக்கு எடுத்துரைக்க வேண்டுகின்றோம்.