பவானியின் பெயர் தாங்கிய மீன்

மேற்குத் தொடர்ச்சி மலையில் பெய்யும் மழைநீர் சிற்றோடைகளாய்த் திரண்டு, பாறைகளில் மோதி நுரைத்துச் சமவெளி நோக்கி விரைகிறது. எதிர்ப்பட்டவற்றையெல்லாம் அடித்துச் செல்லும் அந்த நீரில், விரல் நீளமே உள்ள ஒரு மீன் தன் இடத்தை விட்டு அகலாமல் வாழ்கிறது. அயிரை மீனுக்கு உறவான அதன் அறிவியல் பெயர் பவானியா ஆஸ்ட்ராலிஸ். 1849ஆம் ஆண்டு ஜெர்டன் இம்மீனை அறிவியல் உலகிற்கு அறிமுகப்படுத்தினார். 1920இல் விலங்கியல் அறிஞர் சுந்தர்லால் ஹோரா, நீலகிரி மலையடிவாரத்தில் பாயும் பவானியாற்றின் பெயரால் இதற்குத் தனிப் பேரினம் வகுத்தார்.

ஓடும் நீர் எல்லா இடத்திலும் ஒரே விரைவில் ஓடுவதில்லை. பாறையின் பரப்பை ஒட்டிய மெல்லிய நீரடுக்கு, உராய்வினால் வேகம் குன்றி நகர்கிறது. இம்மீனின் உடலமைப்பு முழுவதும் அந்த அடுக்கில் ஒடுங்கி வாழ்வதற்கே அமைந்தது எனலாம். தலையும் முன்னுடலும் மேலிருந்து அழுத்தியது போலத் தட்டையானவை, வயிற்றுப்புறம் சமதளமானது. மார்புத் துடுப்புகளும் இடுப்புத் துடுப்புகளும் இருபுறமும் விசிறிபோல் விரிந்து பாறையில் படிகின்றன. மேலே பாயும் நீர் மீனைப் பாறையோடு சேர்த்து அழுத்துகிறதே அன்றிப் பெயர்த்தெடுப்பதில்லை.

நீரின் இடைமட்டத்தில் மிதக்கும் மீன்களுக்குத் துணைபுரிவது காற்றுப்பை. அடித்தளத்தில் வாழும் மீனுக்கு மிதப்பே பகையாகும். ஆகவே, இம்மீனின் காற்றுப்பை மிகச் சிறுத்து எலும்புறைக்குள் அடங்கியுள்ளது. வாய் தலையின் அடிப்புறத்தில் அமைந்திருப்பதால், பற்றிய பிடியை விடாமலேயே பாறைமேல் படர்ந்த பாசியை அது உண்ண இயலும். மலையோடை மீன்களின் இத்தகைய உறுப்பமைப்புகளை விரிவாக ஆராய்ந்த ஹோரா, 1922இல் அவற்றை விளக்கிக் கட்டுரை வெளியிட்டார்.

வலிமைக்குக் காரணமான இவ்வமைப்பே இம்மீனின் வாழிடத்தையும் குறுக்கிவிடுகிறது. விரைந்தோடும் நீரில் உயிர்வளி மிகுதியாகக் கலந்திருக்கும். தேங்கிய நீரில் அது குறையும். அணையால் ஓடை குளமாகும்போது, வெள்ளத்தை வென்ற மீன் அமைதியான நீரில் தோற்றுப்போகிறது. காடு அழிந்த சரிவுகளிலிருந்து அரித்துவரும் மண், பாறைகளின் மேல் வண்டலாகப் படிகிறது. அப்போது பற்றுவதற்குப் பரப்பும் இல்லை. உண்பதற்குப் பாசியும் இல்லை.

இம்மீனைத் தொட்டியில் வைத்து வளர்ப்பதால் மட்டும் காத்துவிட முடியாது. ஓடையின் ஓட்டமும், பாறையின் தூய்மையும், கரையோரக் காட்டின் நிழலும் ஒன்றாக நிலைத்திருந்தால்தான் அது நிலைக்கும். ஆற்றின் பெயரைத் தாங்கிய இச்சிறு மீனின் வாழ்வு, அந்த ஆற்றைப் பெருக்கும் மலையோடைகளின் நலத்திற்குச் சான்றாகும்.