தன் அணுவே தனக்கு மருந்து

கபடிக் களத்தில் கால் திருகி விழுந்தவனைத் தூக்கி உட்கார வைத்து, "எலும்பு முறியவில்லை, பயப்படாதே" என்று ஆறுதல் கூறுகிறோம். உண்மையில் முறிந்த எலும்பு கூடிவிடும். கூடாதது குருத்தெலும்புதான். அழிந்த குருத்தெலும்பு மீள்வதில்லை என்று வில்லியம் ஹண்டர் என்ற மருத்துவர் 1743ஆம் ஆண்டிலேயே எழுதி வைத்தார்.

காரணம் என்ன? முழங்காலில் எலும்பு நுனிகளைப் போர்த்தியுள்ள இந்த வழவழப்பான குருத்து, சில மில்லிமீட்டர் கனமே உடையது. இதற்கு இரத்தக் குழாய் இல்லை, நரம்பும் இல்லை. மூட்டு நீரிலிருந்து ஊறிவரும் சத்தைக் கொண்டே இதன் அணுக்கள் வாழ்கின்றன. தோலில் காயம்பட்டால் இரத்தம் பாய்ந்து ஆற்றும் அணுக்களைக் கொண்டு சேர்க்கும். இங்கோ அந்த வண்டி வர வழியே கிடையாது! நரம்பில்லாமையால் குருத்துக்குத் தன் வலியும் தெரியாது. இதுவே இந்நோயின் பொல்லாத குணம் எனலாம்.

சுவீடன் நாட்டின் கோத்தன்பர்க் நகரில் லார்ஸ் பீட்டர்சன், மாட்ஸ் பிரிட்பெர்க் முதலியோர் 1987இல் புதுவழி ஒன்றைக் கையாண்டனர். சிறு துளை வழியே மூட்டினுள் குழலைச் செலுத்தி, பாரம் அதிகம் தாங்காத ஓரத்திலிருந்து நோயாளியின் குருத்தையே சிறிதளவு எடுத்தனர். நொதிகளால் அதைக் கரைத்து, அணுக்களைப் பிரித்து, நாற்றங்காலில் நாற்று வளர்ப்பதுபோல ஆய்வுக்கூடத்தில் சில வாரம் பெருக்கினர். பிறகு இரண்டாம் அறுவை. பழுதுற்ற குழியைச் சுத்தம் செய்து, முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பின் மேற்சவ்வில் ஒரு துண்டெடுத்து அதன்மேல் தைத்து மூடி, அடியில் அணுக்களைச் செலுத்தினர். சொந்த அணுவாதலால் உடல் அந்நியமென்று ஒதுக்குவதில்லை.

1994இல் 23 பேரைப் பற்றிய முடிவுகள் வெளியாயின. தொடையெலும்பு நுனியில் சிகிச்சை பெற்ற 16 பேரில் 14 பேருக்கு நல்ல குணம். முழங்கால் சில்லில் செய்துகொண்ட 7 பேரில் இருவருக்கே பயன். சில்லு தன் தடத்தைவிட்டு விலகி ஓடினால் புதுக் குருத்தும் கெடும் என்று கண்டு, பின்னர் அதையும் சேர்த்தே சீர்செய்யலாயினர். இன்று எலும்புச் சவ்வுக்குப் பதில் கொலாஜன் படலம் பயன்படுகிறது.

முதுமையில் மூட்டு முழுவதும் தேய்ந்தவர்க்கு இது உதவாது. ஓரிடத்தில் மட்டும் பழுதுற்ற இளையோர்க்கே ஏற்றது. வாரக்கணக்கில் ஊன்றுகோல் வேண்டும். ஆட்டத்துக்குத் திரும்ப ஏறத்தாழ ஓராண்டு ஆகும். கபடிக்காரனுக்கு அறுவையைக் காட்டிலும் இந்தக் காத்திருப்பே கடினம் என்பது என் எண்ணம்.