பத்து நிமிடத்தில் சரியாகிப்போன கை

விடியும் முன்பே போடிநாயக்கனூரில் ஜீப் ஏறி, போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிற ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். வேலைக்கு நடுவே வலது கை மரத்துப்போகிறது, வாய் குழறுகிறது. பத்து நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிடுகிறது. பித்தம் என்று சொல்லிவிட்டு மறுபடியும் செடிக்குள் இறங்கிவிடுவார். எனக்குப் பயமே அந்தப் பத்து நிமிடத்தைப் பற்றித்தான்.

கழுத்தின் இரு பக்கமும் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோடிட் தமனிகள் ஓடுகின்றன. அவற்றில் கொழுப்புப் படிந்து பாதை குறுகும். படிவிலிருந்து ஒரு துணுக்கு பிய்ந்து மூளைக் குழாயை அடைத்தால் பக்கவாதம். அந்தத் துணுக்கு தானாகக் கரைந்தால் கை திரும்பிவிடும். ஒரு கண்ணில் மட்டும் திரை விழுந்தாற்போல் இருட்டி விலகுவதும் இதே எச்சரிக்கைதான். அடுத்த சில நாட்களில் முழு வாதம் வரும் அபாயம் மிக அதிகம். கடும் அடைப்பு உறுதியானால் இரண்டு வாரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்வதில்தான் பலன் கூடுதல்.

ரத்தத்திலேயே இந்தச் சுருக்கத்தைக் கண்டுபிடிக்க முடியுமா? டி.எம்.ஏ.ஓ. என்ற வேதிப்பொருள், சில கொழுப்பு மூலக்கூறுகள், அமினோ அமிலங்கள் என்று ஆய்வாளர்கள் தேடிக்கொண்டிருக்கிறார்கள். தேடல் நல்லதுதான். ஆனால் கழுத்துக் குழாய் எவ்வளவு அடைத்திருக்கிறது என்று எந்த ரத்தப் பரிசோதனையும் இன்றைக்குச் சொல்லாது. அதைக் காட்டுவது டாப்ளர் ஸ்கேன். அறிகுறியே இல்லாதவர்களுக்கு அந்த ஸ்கேனும் வேண்டாம் என்று அமெரிக்க நோய்த்தடுப்புப் பணிக்குழு 2021-இல் மீண்டும் சொன்னது. இல்லாத அடைப்பை இருப்பதாகக் காட்டி, தேவையற்ற அறுவைக்கு அது இழுத்துப்போகலாம். அந்த அறுவையே வாதத்தைக் கொண்டுவரவும் கூடும்.

ஆகவே, ‘கழுத்து அடைப்பு டெஸ்ட்’ என்று யாராவது ரத்தம் எடுக்க வந்தால் கூலிக்காசைக் கொடுத்துவிடாதீர்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் அரசு மருத்துவமனையில் இலவசமாகப் பார்க்கலாம். அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையை ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வீட்டுக்கே கொண்டுவருகிறது. புகையிலையை விட்டே ஆக வேண்டும், வெற்றிலையோடு மெல்லுவதையும் சேர்த்துத்தான்.

தமனித் தடிப்பையும் வாதத்தையும் குணமாக்கும் மருந்து என்று விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மாய மருந்து விளம்பரத் தடைச் சட்டம் தடுக்கிறது. பொய் சொல்லிப் பணம் பறித்திருந்தால் ரசீதோடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. 5 லட்சம் ரூபாய் வரையான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. சிகிச்சை ஆவணங்களைக் கேட்டால் மருத்துவர் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பதும் விதி. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால், எந்தச் சிகிச்சை அதில் அடங்கும் என்று மருத்துவமனைக் காப்பீட்டு மேசையில் முன்கூட்டியே கேளுங்கள்.

முகம் கோணினாலோ, கை துவண்டாலோ, பேச்சு குழறினாலோ போடிமெட்டுக்குத் தமிழ்நாட்டுப் பக்கமானாலும் கேரளப் பக்கமானாலும் 108-ஐ அழையுங்கள். அறிகுறி மறைந்துவிட்டாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். உறைவைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு, மலை இறங்கும் நேரமும் அதற்குள் அடக்கம். கடைசியாக எத்தனை மணிக்கு நோயாளி நன்றாக இருந்தார் என்பதைப் பக்கத்தில் காய் எடுத்தவர் குறித்துக் கொடுத்தனுப்ப வேண்டும். மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.