நூற்றுக்கு நூறு பேருக்கு வேலை!

அமெரிக்காவில் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதக் கற்றுக்கொடுக்கும் பள்ளி ஒன்று. அதன் தலைவர் ஒரு நாள் டுவிட்டரில் ஒரு செய்தி வெளியிட்டார். தங்கள் மாணவர் குழு ஒன்றில் நூற்றுக்கு நூறு பேருக்கும் வேலை கிடைத்துவிட்டது என்பதே அந்தச் செய்தி.

யாருக்குத்தான் ஆசை வராது? கடையில் நின்று சாமான் விற்கிறவர், ஓட்டலில் தட்டு எடுக்கிறவர், லாரி ஓட்டுகிறவர், எல்லோருக்கும் அது நல்ல செய்திதான். பட்டம் வேண்டாம். நாலு வருஷம் கல்லூரிக்குப் போக வேண்டாம். ஆறு முதல் ஒன்பது மாதம் படித்தால் போதும். மேஜை முன்னால் உட்கார்ந்து கை நிறையச் சம்பளம் வாங்கலாம்.

பிறகு அமெரிக்க அரசாங்கத்தின் நுகர்வோர் நிதிப் பாதுகாப்புத் துறை இந்தப் பள்ளியை விசாரித்தது. நூற்றுக்கு நூறு என்ற கணக்கில் இருந்த மாணவர்கள் எத்தனை பேர் என்பது அப்போது வெளியே வந்தது.

ஒரே ஒருவர்!

கணக்கில் ஒருவர், அவருக்கு வேலை கிடைத்தது. ஆகவே நூற்றுக்கு நூறு. கணக்கு வாத்தியார்கூட இதில் பிழை கண்டுபிடிக்க முடியாது.

கடன் இல்லாத கடன்

இந்த மாதிரிப் பள்ளிகளை அமெரிக்காவில் "பூட் கேம்ப்" என்கிறார்கள். பட்டாளத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களைச் சில வாரங்களில் பழக்கி எடுக்கும் முகாமுக்கு உள்ள பெயர் அது. 2012-ல் சான்பிரான்சிஸ்கோவில் தொடங்கிய "டெவ் பூட்கேம்ப்" இவற்றுள் ஒரு முன்னோடி. அதன் பிறகு ஊருக்கு ஊர் தோன்றின.

மேலே சொன்ன பள்ளி 2017-ல் பிறந்தது. முதலில் லாம்டா பள்ளி என்று பெயர். பின்னால் புளூம்டெக் என்று மாற்றிக்கொண்டது. சேரும்போது பணம் கட்ட வேண்டாம் என்பதுதான் அதன் கவர்ச்சி. படித்து முடித்து, அந்தத் துறையில் வருஷத்துக்கு 50 ஆயிரம் டாலருக்கு மேல் சம்பாதித்தால், சம்பளத்தில் நூற்றுக்கு 17 கொடுக்க வேண்டும். 24 தவணை முடியும்வரை, அல்லது மொத்தம் 30 ஆயிரம் டாலர் ஆகும்வரை கொடுக்க வேண்டும். இது கடனே இல்லை என்று விளம்பரம் செய்தார்கள்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பேனாவை எடுத்துக் கணக்குப் போட்டால், 60 ஆயிரம் டாலர் சம்பளக்காரர் இரண்டு வருஷத்தில் 20 ஆயிரத்து 400 டாலர் கட்டுவார். அதுவும் வரி பிடிப்பதற்கு முன்னால் உள்ள சம்பளத்தின் மேல்!

2024 ஏப்ரலில் அரசாங்கத் துறை உத்தரவு போட்டது. இது கடன்தான் என்றது. ஒவ்வொரு கடனிலும் சராசரி 4 ஆயிரம் டாலர் கட்டணம் ஒளிந்திருக்கிறது என்றது. நூற்றுக்கு 71 முதல் 86 பேர் வரை வேலை பெறுகிறார்கள் என்று பள்ளி விளம்பரம் செய்திருந்தது. முதல் போட்ட பணக்காரர்களுக்கு அதே பள்ளி கொடுத்த கணக்கிலோ பாதிப் பேர்தான். ஒரு குழுவில் நூற்றுக்கு 30. பள்ளிக்கும் தலைவருக்கும் சேர்த்து 1 லட்சத்து 64 ஆயிரம் டாலருக்கு மேல் அபராதம். பள்ளி இனிக் கடன் கொடுக்கவே கூடாது என்று தடை.

டெவ் பூட்கேம்ப் 2017 டிசம்பரிலேயே கதவைச் சாத்திவிட்டது. நடத்திக் கட்டுப்படியாகவில்லை.

பாதிப் பேர் என்றால் லேசா?

லேசு இல்லை. தட்டு எடுத்தவர்களில் பாதிப் பேர் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார்கள் என்றால் அது பெரிய காரியம்தான். அந்த உண்மையையே சொல்லியிருக்கலாம். பாதிதான் தேறும் என்று தெரிந்து சேருகிறவர் இருந்த வேலையை விடமாட்டார். கைச்சேமிப்பை ஒரேயடியாகக் கரைக்கமாட்டார். நூற்றுக்கு 86 என்று நம்பிச் சேருகிறவர்தான் வேலையை ராஜினாமா செய்துவிட்டு வருகிறார்.

சரி, யோக்கியமான பள்ளியாகவே இருக்கட்டும். ஒன்பது மாதத்தில் என்ன வரும்?

புரோகிராம் மொழியின் விதிகள் சில வாரங்களில் வந்துவிடும். அது அ, ஆ எழுதக் கற்றது மாதிரி. ஒரு மளிகைக் கடைக்கு ரசீது போடும் புரோகிராமை எடுத்துக்கொள்ளுங்கள். விலையை எடையால் பெருக்கு, எல்லாவற்றையும் கூட்டு, வரியைச் சேர். ஒரு மாதம் படித்தவர் இதை எழுதிவிடுவார்.

தொல்லை அதற்குப் பிறகுதான். வாங்கிய எண்ணெயை ஒருவர் திருப்பிக் கொண்டுவருகிறார். நடு மாதத்தில் வரி மாறுகிறது. பழைய ரசீதுக்குப் பழைய வரியே நிற்க வேண்டும். கடைசி சோப்பை இரண்டு மேஜையிலும் ஒரே நேரத்தில் விற்றுவிடுகிறார்கள். பணம் வாங்கியாயிற்று, ரசீது வருவதற்குள் கரண்ட் போய்விட்டது. இப்போது விற்றதா, விற்கவில்லையா? சம்பளம் கொடுப்பது இதற்காகத்தான். அதுவும் தானே எழுதிய புரோகிராமாக இருக்காது. யாரோ ஆறு வருஷத்துக்கு முன் எழுதிவிட்டுப் போனதாக இருக்கும். அதைப் படித்துப் புரிந்துகொள்வதிலேயே நாள் போய்விடும்.

புரோகிராமில் உள்ள பிழையை இவர்கள் "பக்", அதாவது பூச்சி, என்பார்கள். 1947-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ராட்சத யந்திரம் ஒன்றில் நிஜமாகவே ஒரு விட்டில் பூச்சி சிக்கியிருந்தது. அதை எடுத்துக் குறிப்பேட்டில் ஒட்டிவைத்தார்கள். இப்போதைய பூச்சிகள் அவ்வளவு சுலபமாகக் கண்ணில் படுவதில்லை.

24 மணி நேரத்தில் புரோகிராம் கற்கலாம் என்று புத்தகங்கள் விற்றன. கூகிள் கம்பெனியின் ஆராய்ச்சிப் பிரிவுக்குத் தலைவராக இருந்த பீட்டர் நார்விக் அதற்குப் பதிலாக ஒரு கட்டுரை எழுதினார். கைதேர்ந்தவராகப் பத்து வருஷம் ஆகும் என்றார். முதல் வேலைக்குப் பத்து வருஷம் காத்திருக்க வேண்டியதில்லை. வேலை பார்த்துக்கொண்டே கழிகிற வருஷங்கள்தான் அவை.

புதியவருக்குக் கதவு

அந்த முதல் வேலைதான் இப்போது கடினமாகிவிட்டது. 2022 நவம்பரில் மெட்டா கம்பெனி 11 ஆயிரம் பேரை வீட்டுக்கு அனுப்பியது. 2023 ஜனவரியில் கூகிள் 12 ஆயிரம், மைக்ரோசாப்ட் 10 ஆயிரம், அமேசான் 18 ஆயிரம் என்று அறிவித்தன. எல்லோரும் புரோகிராம் எழுதியவர்கள் அல்ல. ஆனாலும் அனுபவசாலிகள் பலர் வேலை தேடித் தெருவுக்கு வந்தார்கள். ஒன்பது மாதச் சான்றிதழுடன் வந்தவர் அவர்களுக்குப் பின்னால் நிற்க வேண்டியதாயிற்று.

அதே 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தது. புதியவருக்குக் கொடுத்துவந்த சின்னச் சின்ன புரோகிராம்களை இந்த மாதிரி யந்திரங்கள் கண் இமைக்கும் நேரத்தில் எழுதிக்கொடுக்கின்றன. சில சமயம் தப்பும் தவறுமாக எழுதுகின்றன. எழுதுவதைத் தைரியமாக எழுதுகின்றன. எங்கே தப்பு என்று சொல்லத் தெரிந்தவருக்கு இன்னும் இடம் உண்டு.

ஆகவே பள்ளியில் சேருகிறவர் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. எத்தனை பேர் சேர்ந்தார்கள்? எத்தனை பேர் முடித்தார்கள்? எத்தனை மாதத்தில், என்ன வேலை, என்ன சம்பளம்? பள்ளியிலேயே பாடம் சொல்லிக்கொடுக்க வைத்துக்கொண்ட பழைய மாணவரும் அந்தக் கணக்கில் உண்டா? நம் ஊர்ச் சுவர்களில் வேலை உத்தரவாதம் என்று எழுதுகிறவர்களிடமும் இதையே கேட்கலாம்.

மாலையில் இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் ஒன்றிரண்டு வருஷம் பிடிக்கும் என்று வைத்துக்கொள்வது நல்லது. முதல் வேலை பிறர் எழுதியதைச் சோதிப்பதாக இருக்கலாம். வாடிக்கைக்காரர்களின் புகாரைக் கேட்பதாக இருக்கலாம். அதற்குள் தெரிந்த கடைக்காரர் ஒருவருக்கு அந்த ரசீது புரோகிராமை எழுதிக்கொடுத்து, ஆறு மாதம் ஓடவிட வேண்டும். சோப்புக் கணக்கு உதைக்கிறது என்று ராத்திரி ஒன்பது மணிக்கு அவர் டெலிபோன் செய்வார்.