'புஸ்'ஸென்று ஓர் அழுத்து... உள்ளே இருப்பது என்ன?

கொசுவுக்கு ஒன்று, அறை மணக்க ஒன்று, அக்குளுக்கு ஒன்று, கல்யாண வீட்டில் மாப்பிள்ளை மேல் நுரை அடிக்க ஒன்று... இப்போது எந்த வீட்டு அலமாரியைத் திறந்தாலும் இரண்டு மூன்று ஸ்பிரே டப்பாக்களாவது இருக்கும். ஆஸ்துமாக்காரர் உள்ள வீடானால் கூடவே ஓர் இன்ஹேலர். அழுத்தினால் 'புஸ்'ஸென்று சீறி வருகிறதே, அதை வெளியே தள்ளுவது எது என்று யோசித்திருக்கிறீர்களா?

மருந்து தானாகப் பாயாது. அதைத் தள்ள ஒரு வாயு வேண்டும். அந்த வாயுவை அழுத்தி, திரவமாக்கி, டப்பாவுக்குள் அடைத்திருப்பார்கள். நாம் அழுத்தியதும் அது ஆவியாகி மருந்தையும் இழுத்துக்கொண்டு வெளியே வரும். மருந்து நெஞ்சுக்குள் போகிறது. வாயு ஆகாயத்துக்குப் போகிறது. சிக்கல் அங்கேதான்!

ஓசோனில் விழுந்த ஓட்டை

1955-ல் அமெரிக்காவில் ரைக்கர் என்ற மருந்து நிறுவனத்தின் தலைவர் ஜார்ஜ் மெய்சனிடம், ஆஸ்துமாவால் அவதிப்பட்ட அவருடைய 13 வயது மகள் ஒரு கேள்வி கேட்டாளாம். தலைமுடிக்கு அடிக்கும் ஸ்பிரே போலத் தன் மருந்தும் வரக்கூடாதா என்று. அடுத்த வருடமே இன்ஹேலர் விற்பனைக்கு வந்துவிட்டது. அதில் அடைத்த வாயு, அன்று பல ஸ்பிரேக்களிலும் இருந்த குளோரோஃபுளோரோ கார்பன்.

நெருப்புப் பிடிக்காது, நாற்றம் கிடையாது, நஞ்சும் இல்லை. எல்லோருக்கும் பிடித்துப்போனது. ஆனால் அது வானத்து ஓசோன் படலத்தை அரிக்கும் என்று 1974-ல் மோலினா, ரோலண்ட் என்ற இரு விஞ்ஞானிகள் எச்சரித்தார்கள். 1985-ல் அண்டார்டிகாவுக்கு மேலே ஓசோன் படலம் மெலிந்துபோயிருப்பது வெளியுலகுக்குத் தெரிந்தது. 1987-ல் மாண்ட்ரியல் ஒப்பந்தம் உருவானது. 1992-ல் இந்தியாவும் சேர்ந்தது.

இந்த வாயுவைத் தயாரித்த இந்திய ஆலைகளில் ஒன்று நம்ம மேட்டூரில்தான் இருந்தது. சாதாரண ஸ்பிரேக்களில் இதை அடைக்க 2003-லிருந்து தடை. 2008-ல் இன்ஹேலருக்கு மட்டும் விலக்கு கொடுத்து, மற்றதையெல்லாம் இந்தியா நிறுத்திவிட்டது. பின்னர் இன்ஹேலரும் மாறியது. பலன்? ஓசோன் படலம் ஆறிக்கொண்டு வருகிறது. 2066 வாக்கில் அண்டார்டிகா ஓட்டையும் மூடிவிடும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

பழையது போச்சு, புதுசு எப்படி?

'ஓசோனுக்குக் கெடுதல் இல்லை' என்று டப்பாவில் போட்டிருந்தால், அதற்கு அவ்வளவுதான் அர்த்தம். உங்களுக்கும் கெடுதல் இல்லை என்று அர்த்தமல்ல!

வீட்டு ஸ்பிரேக்களில் இன்று பெரும்பாலும் அடைப்பது, நாம் சமைக்கிற சிலிண்டர் கேஸின் இனத்தைச் சேர்ந்த வாயு. ஓசோனைத் தொடாது. ஆனால் குப்பென்று தீப்பிடிக்கும்.

இன்ஹேலரில் இருப்பது வேறு. தீப்பிடிக்காது, ஓசோனையும் கெடுக்காது. ஆனால் பூமியைச் சூடாக்குவதில், கரியமில வாயுவைப் போல சுமார் 1,400 மடங்கு வல்லமை! 10 கிராம் வெளியேறினால் 14 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். இந்த வகை வாயுக்களைக் குறைக்க 2016-ல் கிகாலியில் உடன்பாடு கண்டார்கள். இந்தியா 2021-ல் ஏற்றது. சூடாக்கும் தன்மை மிகக் குறைந்த புது வாயு அடைத்த இன்ஹேலர் ஒன்றுக்கு 2025-ல் பிரிட்டன் அனுமதி கொடுத்திருக்கிறது. வெறும் காற்றையோ நைட்ரஜனையோ கொண்டு தள்ளும் டப்பாக்களும் வந்துவிட்டன.

"நிப்பாட்டிரட்டா ஐயா?"

ராஜபாளையம் மில்களில் பஞ்சுத் தூசியோடு பிழைப்பவர்கள், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் பனிக்காலத்தில் இழுப்பு வரும் பெரியவர்கள்... இவர்கள் கேட்பது இதுதான். "அந்த ஸ்பிரே ஊரையே கெடுக்குதாமே, அதை நிப்பாட்டிட்டு உங்க கஷாயத்தையே குடிக்கட்டா ஐயா?"

கூடவே கூடாது. சித்த மருத்துவத்தில் இதை இரைப்பு நோய் என்போம். ஆடாதோடையும் தூதுவளையும் துணைக்கு நிற்கலாம். மூச்சு முட்டும் நேரத்தில் இன்ஹேலர் செய்கிற வேலையை அவை செய்யமாட்டா. சித்த வைத்தியனாகிய நானே சொல்கிறேன். ஆகாயத்தைக் காப்பாற்ற உங்கள் பிள்ளையின் மூச்சை அடகு வைக்காதீர்கள்.

அப்படியானால் என்னதான் செய்வது?

* வாயுவே இல்லாமல் பொடியாக உறிஞ்சும் இன்ஹேலர் நம் ஊர் மருந்துக் கடைகளிலேயே கிடைக்கிறது. கேப்ஸ்யூலைப் போட்டு நாமே வேகமாக இழுக்க வேண்டும். சின்னக் குழந்தைக்கும் மூச்சு மிகவும் தளர்ந்தவருக்கும் அது சரிவராது. டாக்டரைக் கேட்டே மாற்றுங்கள்.

* தினமும் போடச் சொன்ன தடுப்பு மருந்தை ஒழுங்காகப் போட்டால், அவசர இன்ஹேலரை அடிக்கடி அழுத்த வேண்டியிராது. உடம்புக்கும் நல்லது, பூமிக்கும் நல்லது.

* மில் வேலைக்காரர்களே! லீவு முடிந்து வேலைக்குப் போகும் முதல் நாள் நெஞ்சு இறுக்கிப் பிடித்தால் அலட்சியம் வேண்டாம். அது பஞ்சுத் தூசி நோயாக இருக்கலாம்.

* கொசுவுக்கு வலை கட்டுங்கள். ஆஸ்துமாக்காரர் இருக்கும் வீட்டில் நொச்சிப் புகை, சாம்பிராணிப் புகையும் வேண்டாம். மூலிகையானாலும் புகை புகைதான்.

* அறை நாற்றத்துக்கு முதல் மருந்து, திறந்த ஜன்னல். மணம் வேண்டுமென்றால் தண்ணீரில் கொஞ்சம் வெட்டிவேர் போட்டு வையுங்கள்.

* அடுப்பு எரிகையில் சமையலறைக்குள் எந்த ஸ்பிரேயும் அடிக்காதீர்கள். காலி டப்பாவை ஓட்டை போடாதீர்கள். போகிக்குப் பழசைக் கொளுத்தும்போது அதில் ஒரு ஸ்பிரே டப்பா கிடந்தால் வெடித்துச் சிதறும். பிள்ளைகள் சுற்றி நிற்பார்கள், ஜாக்கிரதை!

அடுத்த முறை கடையில் ஸ்பிரே வாங்கக் கை நீளும்போது, இது இல்லாமல் முடியுமா என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள். மூச்சுக்கான இன்ஹேலரை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.